பாலீஷ் பட்டறையும் பள்ளிக்கூடமும்: ஒரு கொருக்குப்பேட்டை அனுபவம்

2022 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தெருமுனைத் தண்ணீர்த் தொட்டியில் அடுத்த வீட்டுப் பையன் குடத்தைத் தூக்கும்போது அவன் விரல்களைப் பார்த்தேன். நகக்கண்ணெல்லாம் கருப்பு. மண் ஒட்டிய கருப்பு வேறு, வண்டி கிரீஸின் கருப்பு வேறு. இது எவர்சில்வர் பாலீஷ் பட்டறையின் கருப்பு. எமரித் தூளும் மெழுகும் உலோகப் பொடியும் கலந்து தோலின் ரேகைக்குள் இறங்கிவிடும். மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தாலும் நகத்தை ஒட்டி ஒரு கோடு நிற்கும். என் நகத்தில் அந்தக் கோடு நான்கு ஆண்டுகள் நின்றது.

“எந்தப் பட்டறைடா?” என்று கேட்டேன். பதில் சொல்லாமல் குடத்தோடு போய்விட்டான். அவனுக்கு வயது 13. எட்டாம் வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டியவன்.

நான் பட்டறைக்குப் போனது 1994-ல், 11 வயதில். அப்பா வடசென்னையின் கொருக்குப்பேட்டை ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கியவர். முதுகு போய்ப் படுத்துவிட்டார். அம்மா பட்டறை முதலாளியிடம் 2,000 ரூபாய் முன்பணம் வாங்கினார். மறுநாள் காலை எட்டு மணிக்கு என்னைக் கொண்டுபோய் விட்டார். அன்று எனக்கு யாரும் எதையும் விளக்கவில்லை. மேஸ்திரி கையில் ஒரு பழைய துணியைக் கொடுத்து மூக்கைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். அவ்வளவுதான் பயிற்சி.

தகரக் கூரை போட்ட நீள அறை. சுவரோரமாக வரிசையாகச் சக்கரங்கள், எல்லாவற்றுக்கும் பெல்ட். சுழலும் சக்கரத்தின்மேல் தட்டையும் சொம்பையும் இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடிக்க வேண்டும். அழுத்தம் குறைந்தால் பளபளப்பு வராது, டஜன் கணக்கில் கழித்துவிடுவார்கள். அழுத்தம் கூடினாலோ, விளிம்பு சக்கரத்தில் சிக்கினாலோ, பாத்திரத்தைச் சக்கரம் பிடுங்கி எறியும். அது எங்கே போய் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. மாலையில் மேஸ்திரி எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு வெல்லம் கொடுப்பார். தொண்டையில் தங்கிய தூசியை வெல்லம் இழுத்துக்கொண்டு போய்விடும் என்று அவர் நம்பினார். நாங்களும் நம்பினோம். காறித் துப்பினால் எச்சில் கருப்பாகத்தான் வந்தது.

1996 டிசம்பர் 10 அன்று, சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் குழந்தைகள் இருப்பது குறித்து எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அபாயகரமான வேலையில் குழந்தையை வைத்த முதலாளி தலைக்கு 20,000 ரூபாய் நல நிதிக்குக் கட்ட வேண்டும். குழந்தையின் வீட்டில் பெரியவர் ஒருவருக்கு அரசு வேலை ஏற்பாடு செய்ய வேண்டும். முடியாவிட்டால் அரசு தன் பங்காக 5,000 ரூபாய் போட வேண்டும். ஆறு மாதத்தில் நாடு முழுக்கக் குழந்தைத் தொழிலாளர்களைக் கணக்கெடுக்க வேண்டும். முதலில் கவனிக்க வேண்டியவை என்று ஒன்பது தொழில்களை அந்தத் தீர்ப்பு குறிப்பிட்டது. சிவகாசித் தீப்பெட்டி, சூரத் வைரம், பிரோசாபாத் கண்ணாடி, மொராதாபாத் பித்தளைப் பாத்திரம் என்று போகும் அந்தப் பட்டியல். பித்தளைப் பாத்திரம் என்று படித்தபோது எனக்கு மேஸ்திரியின் வெல்லம்தான் நினைவுக்கு வந்தது. இதையெல்லாம் நான் படித்தது முப்பது வயதைத் தாண்டிய பிறகு.

தீர்ப்பு எங்கள் பட்டறை வாசலுக்கு வந்ததை மட்டும் நேரில் பார்த்தேன். 1997-ல் ஒரு நாள், கையில் நோட்டுடன் ஓர் அம்மா வந்தார். அவர் தெருவில் திரும்பும்போதே செய்தி வந்துவிட்டது. சிறியவர்கள் நான்கு பேரை மேஸ்திரி பரணில் ஏற்றினார். நான் வளர்த்தி என்பதால் கீழேயே நிறுத்தி, “பதினாறு என்று சொல்” என்றார். அந்த அம்மா கேட்டார். பதினாறு என்றேன். என்னைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, பதினாறு என்றே எழுதிக்கொண்டார். அப்போது எனக்குப் பதின்மூன்று.

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. என் வாயால் உண்மையைச் சொல்லியிருந்தால் அன்று மாலையே 2,000 ரூபாய்க்கு என் அம்மா பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால், பொய் சொல்லும் பையனிடம் வயதைக் கேட்டுப் பயனில்லை என்பதை அன்றிலிருந்து தெரிந்துவைத்திருக்கிறேன். இன்று இப்படி ஒரு பையனைப் பார்த்தால் வயதைக் கேட்பதே இல்லை. கடைசியாக எந்த வகுப்பில் படித்தாய், எந்த டீச்சர் என்று கேட்பேன். அதைப் பையன்கள் மறைப்பதில்லை, வயது தானாகத் தெரிந்துவிடும். அடுத்து, வீட்டில் எவ்வளவு முன்பணம் வாங்கியிருக்கிறார்கள் என்று கேட்பேன். இந்த இரண்டு பதில்களும் கைக்கு வராமல் எந்த எண்ணுக்கும் போன் செய்து பயனில்லை என்பது என் முடிவு. உயிருக்கோ உடம்புக்கோ உடனடி ஆபத்து என்றால் மட்டும் அது வேறு. அப்போது ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

1998-ல் ஒரு சட்டியின் விளிம்பு சிக்கி என் இடது கையில் இரண்டு விரல் நுனிகள் போயின. ஸ்டான்லி மருத்துவமனையில் தைத்தார்கள். அதன் பிறகு முதலாளி முன்பணத்தைக் கேட்கவில்லை. இரண்டு விரல் நுனிகளைக் கொடுத்துத்தான் எங்கள் வீட்டுக் கடன் தீர்ந்தது. எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதி, ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவு முடித்து, இன்று மணலியில் ஒப்பந்த வேலையில் இருக்கிறேன்.

இனி 2019-ல் நான் செய்த தவறைச் சொல்ல வேண்டும். வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு சந்தில், மாடியில் பை தைக்கும் இடம் இருந்தது. ஏழு பையன்கள், எல்லோரும் பீகாரிலிருந்து வந்தவர்கள். வேலை செய்யும் அறையிலேயே தூக்கம், அதே அறையில் சமையல். வெல்டிங் வேலைக்காகப் போன நான் பார்த்துவிட்டு அன்றிரவே குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குச் சொன்னேன். மூன்றாம் நாள் அதிகாரிகளும் காவலர்களும் வந்து ஏழு பேரையும் அழைத்துப் போனார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. வீட்டில் சொன்னேன், நண்பர்களிடம் சொன்னேன். அதோடு விட்டுவிட்டேன்.

ஐந்து மாதம் கழித்து, அந்த ஏழு பேரில் ஒருவனை யானைகவுனி அருகே டீ வாளியோடு பார்த்தேன். அவனும் என்னை அடையாளம் கண்டுகொண்டான். இப்போது ஆதாரில் 18 என்று இருப்பதாக, கேட்காமலேயே சொன்னான்.

குழந்தைகள் நலக் குழுவோடு வேலை செய்யும் ஒரு சமூகப் பணியாளரிடம் போய் இதைச் சொன்னபோதுதான் என்ன நடந்திருக்கிறது என்று புரிந்தது. ஏழு பேரும் குழந்தைத் தொழிலாளர்களாக மட்டுமே பதிவாகி, ஊருக்கு ரயில் ஏற்றப்பட்டிருக்கிறார்கள். அவர்கள் வீட்டார் வாங்கிய முன்பணம் அப்படியே நின்றது. ஊரில் ஏஜெண்டு போய்க் கேட்டிருக்கிறான். பணம் இல்லாத வீடு பையனைத்தான் திருப்பி அனுப்பும்.

முன்பணத்துக்காக வேலையில் கட்டிப்போட்டால் அது 1976-ம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. மீட்ட அன்றே இதை அதிகாரியிடம் சொல்லி விசாரிக்க வைக்க வேண்டும். கோட்டாட்சியர் விடுவிப்புச் சான்றிதழ் கொடுத்தால் அந்தக் கடன் சட்டப்படி செல்லாததாகிவிடுகிறது. 2016-ல் திருத்திய மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் இப்படி மீட்கப்பட்ட குழந்தைக்கு 2 லட்சம் ரூபாய் வரை உண்டு. முழுத் தொகைக்கு வழக்கின் முடிவு வரை காத்திருக்க வேண்டும். உடனடியாக ஒரு சிறு தொகை கொடுக்க வழி இருக்கிறது. அந்த ஒரு தாள் அன்று இருந்திருந்தால் அவன் டீ வாளியோடு திரும்பி வந்திருக்க மாட்டான் என்றே இன்றும் நினைக்கிறேன். போன் செய்த எனக்கு, “முன்பணம் பற்றி விசாரித்தீர்களா?” என்று ஒரு வார்த்தை கேட்கத் தெரியாமல் போயிற்று.

ஆதார் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சிறார் நீதிச் சட்டத்தின்படி வயதை முடிவு செய்ய முதலில் பார்க்க வேண்டியது பள்ளிச் சான்று, இல்லாவிட்டால் மாநகராட்சி அல்லது ஊராட்சியின் பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாதபோதுதான் மருத்துவப் பரிசோதனை. இந்த வரிசையில் ஆதார் கிடையாது. முதலாளி அட்டையை நீட்டியதும் பின்வாங்க வேண்டியதில்லை.

அடுத்த வீட்டுப் பையன் விஷயத்தில் இந்த அவசரத்தைக் காட்டவில்லை. அவன் அம்மா காசிமேட்டில் மீன் எடுத்துக் கூடையில் விற்பவர். கணவர் இறந்து ஐந்து ஆண்டுகள். 2020 மார்ச்சில் பள்ளியை மூடும்போது பையன் ஐந்தாம் வகுப்பு. 2021 நவம்பரில் திறந்தபோது ஏழாம் வகுப்பு. இடையில் எழுத்தே மறந்துவிட்டது. சில வாரங்கள் போய்விட்டு, மற்றவர்கள் முன்னால் வாசிக்க வெட்கப்பட்டு நின்றுவிட்டான். அந்த நேரத்தில் அவனுடைய அக்காளுக்கு மஞ்சள் நீராட்டு. பட்டறையிலிருந்து 10,000 ரூபாய் வந்தது.

“தெரியும் தம்பி, உன் கை எனக்குத் தெரியாதா?” என்றார் அவன் அம்மா, நான் அக்கா என்று கூப்பிடுபவர். “அவன் பள்ளிக்குப் போகிறேன் என்றால் நானா தடுக்கப்போகிறேன்? பத்தாயிரத்துக்கு நான் எங்கே போவேன்?” இப்படிப் பேசும் தாயிடம் சட்டத்தை எடுத்து நீட்டக் கூடாது. சட்டமும் முதல் முறையே பெற்றோரைத் தண்டிக்க நினைக்கவில்லை. வருமானத்துக்காகக் குழந்தையை வேலைக்கு விட்டால் ஒழிய பெற்றோருக்குத் தண்டனை இல்லை, முதல் தடவைக் குற்றத்துக்கும் இல்லை என்றுதான் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தம் சொல்கிறது. “வருமானத்துக்காக” என்ற சொல் ஏழைத் தாயின் கழுத்தில் எப்போது வேண்டுமானாலும் விழக்கூடியது என்பதால் எனக்கு அது பிடிக்கவில்லை. அதை அவரிடம் நான் சொல்லவும் இல்லை.

அவரோடு பட்டறைக்குப் போனேன். முதலாளி மரியாதையாகவே பேசினார். “என்னை மாமா என்றுதான் கூப்பிடுவான். குடும்பத் தொழில் மாதிரி. அதற்குச் சட்டத்தில் அனுமதி இருக்கிறதே” என்றார். இந்தப் பதிலை வடசென்னையில் நான் பல இடங்களில் கேட்டுவிட்டேன். 2016 திருத்தம் 14 வயதுக்குக் கீழ் எல்லா வேலையையும் தடை செய்துவிட்டு, குடும்பத்துக்கு உதவுவதற்கு விலக்கு கொடுத்தது. அந்த வாசலில்தான் இவ்வளவு பேரும் நுழைகிறார்கள். ஆனால் குடும்பம் என்றால் யார் என்று சட்டமே சொல்லியிருக்கிறது: தாய், தந்தை, உடன்பிறந்தவர்கள், தாய் தந்தையின் உடன்பிறந்தவர்கள். கூப்பிடு முறையில் மாமா ஆனவருக்கு அதில் இடமில்லை. சொந்தத் தாய்மாமனாகவே இருந்தாலும் பள்ளி நேரம் போக மீதி நேரத்தில்தான். இரவு ஏழிலிருந்து காலை எட்டு வரை கூடாது. அபாயகரமான வேலையில் எந்த நேரத்திலும் கூடாது. உலோகத்தைச் சாணை பிடித்து மெருகேற்றுவது தொழிற்சாலைகள் சட்டத்தின் அபாயகரப் பட்டியலிலேயே அப்போது இருந்தது. ஆகவே 14 முடிந்து 18 வரை உள்ள பையன்களையும் அந்தச் சக்கரத்தின்முன் நிறுத்த முடியாது. இதைத்தான் பலர் தெரியாமல் இருக்கிறார்கள். பதினைந்து வயது என்றால் விட்டுவிடலாம் என்று நினைக்கிறார்கள்.

நான் குரலை உயர்த்தாமல் இவ்வளவையும் சொன்னேன். தண்டனை ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு சிறை, அல்லது 20,000 முதல் 50,000 வரை அபராதம், அல்லது இரண்டும் என்பதையும் சொன்னேன். அவர் என் இடது கையைப் பார்த்தார். பையன் அன்றே வெளியே வந்தான். பத்தாயிரத்தை மறந்துவிடுகிறேன் என்று அவர் வாயால்தான் சொன்னார். தெரிந்த வழக்கறிஞர் ஒருவரை வைத்து எழுதி வாங்கினோம். வாய்வார்த்தை ஆறு மாதத்தில் திரும்பி வரும்.

உள்ளே இன்னும் இரண்டு பையன்கள் இருந்தார்கள். அவர்களுக்காக அன்று மாலை 1098-க்குச் சொன்னேன். 2023-ல் அந்தச் சேவை அரசின் கைக்கு மாறி 112-உடன் இணைக்கப்பட்டாலும் எண் அதே எண்தான், பெயர் சொல்லாமலும் புகார் செய்யலாம். இந்த முறை சொல்ல வேண்டியதைச் சொன்னேன்: தெரு, கதவு எந்தப் பக்கம், பரண் இருக்கிறது, காலை பத்தரைக்கு எல்லோரும் சக்கரத்தின்முன் இருப்பார்கள், முன்பணம் கொடுத்திருக்கிறார்கள். பரண் இருப்பதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று எனக்கு இருந்தது. போட்டோ எடுக்கவில்லை. எடுத்து வாட்ஸ்அப்பில் பரப்புபவர்களின் நல்ல எண்ணம் புரிகிறது. ஆனால் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது சிறார் நீதிச் சட்டத்தில் குற்றம், அந்தப் படம் பையனை ஆயுள் முழுக்கத் துரத்தும்.

அதிகாரிகள் வந்தபோது ஒரு பையன் இருந்தான். இன்னொருவன் வரவில்லை. முதலாளிமேல் வழக்கு பதிவானது.

பிறகு பள்ளி. அந்த 2022-ல்தான் பள்ளி மேலாண்மைக் குழுக்களைத் தமிழக அரசு மாற்றி அமைத்தது. என் மகள் படிக்கும் மாநகராட்சிப் பள்ளியின் குழுவில் நானும் உறுப்பினர். அடுத்த வீட்டுப் பையனின் பெயர், எமிஸ் என்ற பள்ளிக் கல்வித்துறையின் மாணவர் பதிவில், எந்தப் பள்ளியிலும் இல்லாதவர்களுக்கான பொதுத் தொகுப்புக்குப் போயிருந்தது. டி.சி. எங்கே என்று அலுவலகத்தில் கேட்டார்கள். டி.சி. இல்லை என்பதற்காகவோ வயதுச் சான்று இல்லை என்பதற்காகவோ சேர்க்க மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. வயதுக்கேற்ற வகுப்பில்தான் உட்கார வைக்க வேண்டும், தனிப் பயிற்சி கொடுக்க வேண்டும், 14 வயது தாண்டினாலும் எட்டாம் வகுப்பு முடியும் வரை கட்டணம் கிடையாது. தலைமை ஆசிரியைக்கு இது எல்லாம் தெரிந்திருந்தது. பொதுத் தொகுப்பிலிருந்து அவரே எடுத்துச் சேர்த்துக்கொண்டார்.

அவனுக்கு வாசிப்பு வருவதுதான் பெரிய பாடாக இருந்தது. முன்பு இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகத் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தில் சிறப்புப் பயிற்சி மையங்கள் இருந்தன. 1988-ல் தொடங்கிய திட்டம். மீட்ட பிள்ளைகளை ஒன்றாக வைத்துப் படிக்கவைத்து, சாப்பாடு போட்டு, மாதம் 400 ரூபாய் உதவித்தொகையும் கொடுத்து, பிறகு பள்ளியில் சேர்ப்பார்கள். 2021-ல் அதை ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தோடு சேர்த்துவிட்டார்கள். காகிதத்தில் அது சரிதான். ஆனால் நான்கு ஆண்டு சக்கரத்தின்முன் நின்ற எனக்குத் தெரியும், பெஞ்சில் நாற்பது நிமிடம் அசையாமல் உட்காருவதே அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஒரு வேலை. அதைப் புரிந்துகொண்ட ஆசிரியர்கள் அந்த மையங்களில் இருந்தார்கள். அந்த இழப்பை நான் பெரிய இழப்பாகவே நினைக்கிறேன். எங்கள் தெருவில் இல்லம் தேடிக் கல்வி தன்னார்வலராக இருந்த பெண் மாலையில் அவனைத் தனியாக உட்கார வைத்து எழுத்துக் கூட்டச் சொல்லிக் கொடுத்தார். அவர் இல்லாவிட்டால் அவன் இரண்டாம் முறையும் நின்றிருப்பான்.

வீட்டுக்கு வருமானம் வேண்டுமே. இதில்தான் நிறைய பேர் கைவிட்டுவிடுகிறார்கள். அக்காவுக்கு ஆதரவற்ற விதவை உதவித்தொகை கிடைக்கும் என்பதே தெரியாது. விண்ணப்பித்து வாங்கினோம். அப்போது மாதம் 1,000, 2023 ஆகஸ்டிலிருந்து 1,200. அதைவிடப் பெரியது, மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவு. கணவரை இழந்த தாயோடு வளரும் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய். நகரத்தில் ஆண்டு வருமானம் 96,000-க்குள் இருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும், குழந்தைகள் நலக் குழு பார்க்கும். எங்களுக்கு ஏழு மாதம் ஆயிற்று. மூன்று முறை வருமானச் சான்று கேட்டார்கள். அந்த ஏழு மாதமும் அக்கா பையனை வேலைக்கு அனுப்பாமல் இருந்ததுதான் இந்தக் கதையில் எல்லோரும் செய்ததைவிடக் கடினமான காரியம். மீன் வரத்து இல்லாத நாட்களில் எங்கள் வீட்டு அரிசி அங்கே போயிற்று, அவர்கள் வீட்டுக் குழம்பு இங்கே வந்தது.

மதிய உணவு பள்ளியில் கிடைத்தது. இந்தச் சென்னை மாநகராட்சிதான் 1920-ல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவைத் தொடங்கியது, அப்போது மாநகராட்சித் தலைவராக இருந்தவர் பிட்டி தியாகராயர். 2022-ல் காலை உணவும் வந்தது, ஆனால் ஐந்தாம் வகுப்பு வரைதான். பட்டறைக்குப் பையன்கள் போகும் வயது ஆறு, ஏழு, எட்டாம் வகுப்பு வயது. பட்டறையில் காலையில் முதலில் கையில் கிடைப்பது டீயும் பன்னும். எட்டாம் வகுப்பு வரை காலை உணவைக் கொண்டுபோனால் பட்டறைகள் ஆள் தேடித் திணறும் என்று ஒவ்வொரு குழுக் கூட்டத்திலும் சொல்லி வருகிறேன்.

சட்ட விதி ஒன்று பள்ளிகளில் பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கிறது. ஒரு பிள்ளை சொல்லாமல் தொடர்ந்து 30 நாள் வராவிட்டால் தலைமை ஆசிரியர் குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்கான மாவட்டப் பொறுப்பு அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். 2017-ல் வந்த விதி. எங்கள் குழுவில் நாங்கள் முப்பது நாள் காத்திருப்பதில்லை. பத்தாம் நாள் யாராவது ஒருவர் வீட்டுக்குப் போகிறோம். பத்தாம் நாளில் வெட்கமும் காய்ச்சலும்தான் காரணமாக இருக்கும். முப்பதாம் நாளில் முன்பணம் வந்துவிட்டிருக்கும்.

2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் 5 முதல் 14 வயதுக்குள் வேலை செய்தவர்கள் 1.01 கோடி, அதற்குப் பத்தாண்டு முன் 1.26 கோடி. அதன் பிறகு நாடு எண்ணவில்லை. 2017-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் இரண்டு ஒப்பந்தங்களையும், வேலைக்கான குறைந்தபட்ச வயது பற்றிய 138-ஐயும் மிக மோசமான குழந்தைத் தொழில் வடிவங்கள் பற்றிய 182-ஐயும், இந்தியா ஏற்றது. உலக அளவில் குழந்தைத் தொழிலை முடிப்பதற்கு ஐ.நா. வைத்த ஆண்டு 2025. பரணில் ஏறிய நான்கு பேரை எந்தக் கணக்கும் எண்ணவில்லை என்பது எனக்குத் தெரியும் என்பதால், எண்ணிக்கை குறைந்தது என்று கேட்கும்போது அந்தப் பரணைத்தான் நினைக்கிறேன்.

அடுத்த வீட்டுப் பையன் 2025-ல் பத்தாம் வகுப்பு தேறினான். கணக்கில் 41. வெல்டர் பிரிவு கேட்டான், நான் எலக்ட்ரீஷியன் சொன்னேன். அவன் விருப்பப்படியே விட்டேன். பட்டறையில் அன்று வராமல் போன அந்த இன்னொரு பையனின் குடும்பம் கொடுங்கையூர் பக்கம் போய்விட்டதாகச் சொல்கிறார்கள். அங்கே இரண்டு பள்ளிகளில் விசாரித்துவிட்டேன், மூன்றாவது பள்ளிக்கு வரும் சனிக்கிழமை போகிறேன்.